தாய்மையும் குடிநீரும்

(கழுகுமலைத் திருப்பயணம் மேற்கொண்ட குடும்பங்கள் சங்கரன்கோவிலில் கூடியபோது, மகளிர் அமர்வில் ஆற்றிய உரை)



இந்தச் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை நிற்கிறது. அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைச் செய்வித்தோர் பெயர்களை வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காத்து வைத்திருக்கின்றன. அப்பெயர்களுக்கிடையே குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் பெண்கள் ஆசிரியராக அமர்ந்து கற்பித்தார்கள் என்பதற்கு அக்கல்லே சான்று.

கற்பிக்கும் அம்மரபு வீட்டுக்குள்ளும் இருந்தது. எந்தக் கசாயத்தை எப்போது கொடுப்பது, எதை யாருக்குக் கொடுக்கலாகாது என்பதைத் தாய் மகளுக்கும் மாமியார் மருமகளுக்கும் சொல்லித் தந்தார்கள். இன்று அந்தச் சொல்லில் பாதிதான் வந்து சேர்கிறது. "கொடுக்கலாம்" என்பது வந்துவிடுகிறது. "இவ்வளவுதான் கொடுக்கலாம், இன்னாருக்குக் கொடுக்கலாகாது" என்பது வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கருவுற்ற பெண்ணைப் பொறுத்தவரை, உதிர்ந்துபோன அந்தப் பாதியே உயிர் காப்பது. அதனை மீட்டுச் சொல்வது இவ்வுரையின் நோக்கம்.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்தின் பெயரைத் தம் பெயராகக் கொண்டவை. நல்லாதனார் இயற்றியது திரிகடுகம். காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. பின்னிருவரும் சமண சமயத்தார். மாக்காயனார் என்னும் ஓராசிரியரிடம் பயின்ற ஒருசாலை மாணாக்கர். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் திரிகடுகம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்கள் சிறுபஞ்சமூலம். ஏலாதிக்கு ஆறு பொருள்கள். ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு பங்கு, சிறுநாவற்பூ மூன்று பங்கு, மிளகு நான்கு பங்கு, திப்பிலி ஐந்து பங்கு, சுக்கு ஆறு பங்கு என்பது மருத்துவ மரபு கூறும் கணக்கு. பெயருக்கு முன்னிற்கும் ஏலம் எடையில் கடைசி. இறுதியில் நிற்கும் சுக்கே எடையில் முதல். அந்தக் கணக்கு பிறழ்ந்தால் அது ஏலாதி ஆகாது. மருந்தை அறத்துக்கு உவமையாக எடுத்த புலவர்கள், மருந்தின் உயிர் அளவில் இருக்கிறது என்பதை அறிந்தே எடுத்தார்கள்.

அந்த ஏலாதி ஏட்டோடு நின்றுவிடவில்லை. கருவுற்ற பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அம்மா மகப்பேறு சஞ்சீவி என்னும் திட்டத்தில் 11 சித்த மருந்துகள் அடங்கிய பெட்டகம் வழங்கப்பட்டது. மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் இளகம், சௌபாக்கிய சுண்டி இளகம் முதலியவற்றோடு ஏலாதி சூரணமும் அதில் இடம்பெற்றது. சித்த மருத்துவர் பார்த்து, எந்த மாதத்துக்கு எது, எவ்வளவு என்று வகுத்துக் கொடுப்பதற்காக அமைந்த பெட்டகம் அது. மருத்துவமனைச் சோதனைகளும் சத்து மாத்திரைகளும் அதனோடு தொடர்ந்து நடக்க வேண்டியவை. மூலிகைக்கும் நவீன மருத்துவத்துக்கும் இடையே பகை வேண்டியதில்லை என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இனிக் குடிநீர் என்னும் சொல்லைப் பார்ப்போம். பொதுவழக்கில் அது குடிக்கும் தண்ணீர். சித்த மருத்துவத்திலோ அது கசாயத்தின் பெயர். 32 வகை அக மருந்துகளுள் ஒன்று. அதன் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். காலையில் காய்ச்சியதை மாலையில் சூடுபடுத்திக் கொடுப்பது மரபுக்கே மாறானது. மேலும், ஒரு சிட்டிகைச் சீரகத்தை வெந்நீரில் இட்டு வடிப்பது வேறு; கைப்பிடி மூலிகையை எட்டுப் பங்கு நீரில் இட்டு ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சுவது வேறு. முன்னது உணவின் பக்கம் நிற்பது, பின்னது மருந்து. இரண்டையும் "மூலிகைத் தேநீர்" என்னும் ஒரே பெயரால் அழைப்பதில்தான் இன்றைய குழப்பம் தொடங்குகிறது.

கருவுற்ற தொடக்க மாதங்களில் பெண்ணை வாட்டுவது குமட்டல். அதற்குச் சுக்கு நல்ல துணை. இஞ்சி குமட்டலை ஓரளவு தணிக்கிறது என்பதை ஆய்வுகளும் ஒப்புகின்றன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகமும் அதனை ஒரு வழியாகக் குறிப்பிடுகிறது. பெரும்பாலான ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் இஞ்சித்தூள், அதாவது அரைத் தேக்கரண்டி. அதையும் மூன்று நான்கு வேளையாகப் பிரித்தே கொடுத்தார்கள். மண்ணுக்கடியில் விளையும் பச்சை இஞ்சியைத் தவிர்க்கும் இல்லங்களிலும் உலர்ந்த சுக்கு வழக்கில் உண்டு. சுக்குக்குப் புறத்தோல் ஆகாது, கடுக்காய்க்கு உட்கொட்டை ஆகாது என்பது பெரியோர் வழக்கு. தோலைச் சீவியே இடிக்க வேண்டும். இப்பகுதியின் பனங்கருப்பட்டி சேர்த்த இளஞ்சூடான சுக்குநீரைச் சிறிது சிறிதாகப் பருகலாம். நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டியையும் சர்க்கரையாகவே கணக்கிட வேண்டும். குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தியாகி, சிறுநீர் குறைந்து போனால், சுக்கை நம்பிக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குமட்டலோடு தொடர்புடைய இன்னொரு செய்தி, கதிரவன் மறைந்தபின் உண்ணாத நோன்பு. வயிறு நெடுநேரம் காலியாக இருந்தால் காலைக் குமட்டல் மிகும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு நீண்ட பட்டினி இடரும் தரும். தீர்த்தங்கரத் தன்மைக்கு ஏதுவான 16 பாவனைகளுள் ஒன்று, ஆற்றலுக்கு ஏற்பத் தவம் செய்தல். இரண்டு உயிரைச் சுமப்பவளின் ஆற்றல் எவ்வளவு என்பதை மருத்துவரிடமும், நோன்பின் எல்லை எது என்பதை அறம் அறிந்த பெரியோரிடமும் கேட்டு முடிவு செய்வதே முறை. "நம் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் இருந்தோம்" என்னும் ஒரு சொல், இளம்பெண்ணின் வாயை அடைத்துவிடக் கூடாது.

சீரகம், சோம்பு, மல்லி, ஏலம் ஆகியவை சமையலில் சேரும் அளவில் அச்சமற்றவை. செரியாமைக்கு இளஞ்சூட்டில் ஒரு குவளை சீரகநீர் குடிப்பதில் தவறில்லை. ஆனால், கருவுற்றவளுக்கு மருந்தளவில் ஆகாதவை சில உண்டு. அவற்றைப் பெயர் சொல்லியே நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது ஆடாதோடை. இருமலுக்கு நம் ஊர்களில் கை சென்று பறிக்கும் இலை அது. அதிலுள்ள வாசிசின் என்னும் பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. ஆகவே கருவுற்றோர் ஆடாதோடைக் கசாயத்தைத் தவிர்க்க வேண்டும். 2020இல் தொற்றுக் காலத்தில் வீடுதோறும் காய்ச்சப்பட்ட கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளுள் ஆடாதோடையும் ஒன்று. நிலவேம்பும் அதில் உண்டு. வீட்டில் ஒரு பாத்திரத்தில் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றும்போது, கருவுற்ற மருமகளுக்கும் அதே குவளை நீட்டப்படுகிறது. அவளுக்குச் சித்த மருத்துவர் சொன்னாலன்றி அது வேண்டா.

இரண்டாவது அதிமதுரம். தொண்டைக்கு இதமான இனிய வேர். ஆனால் மிகுதியாகவும் தொடர்ந்தும் உண்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். பின்லாந்து நாட்டில் அதிமதுரச் சாறு சேர்ந்த கருநிற மிட்டாய் பெருவழக்கு. கருவுற்ற காலத்தில் அதனை மிகுதியாக உண்ட தாய்மாரின் பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் சற்றே பின்தங்கியதை ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்நாட்டில் கருவுற்றோர் அதனைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.

மூன்றாவது, மாதவிலக்கு தள்ளிப்போனால் அதனை வரவழைக்கக் கொடுக்கும் எள், கருஞ்சீரகம், சதகுப்பை, செம்பருத்தி ஆகியவற்றின் கசாயங்கள். திருமணமான பெண்ணுக்கு நாள் தள்ளினால், முதலில் செய்ய வேண்டியது கருச்சோதனை. அது தெரியாமல் கசாயம் கொடுப்பது, கதவைத் திறந்து பார்க்காமலே தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

கடல் கடந்து வரும் தேநீர்ப் பொட்டலங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். மேலைநாடுகளில் ராஸ்பெர்ரி என்னும் பழச்செடியின் இலையைப் பேறு எளிதாவதற்காகக் கடைசி மாதங்களில் பருகுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 192 பெண்களிடம் அவ்விலையை மாத்திரையாகக் கொடுத்துச் செய்த ஆய்வில், பிரசவத்தின் நீண்ட முதற்கட்டம் குறையவில்லை. வெளிநாட்டு அட்டையில் அழகிய தாயின் படம் இருப்பதாலேயே அப்பொட்டலம் பாட்டியின் அஞ்சறைப்பெட்டியைவிடச் சிறந்ததாகிவிடாது.

இப்போது ஒரு வீட்டை மனத்தில் காண்போம். மருமகளுக்கு எட்டாம் மாதம். பாதம் வீங்கியிருக்கிறது. மாமியார் அன்பு மிக்கவர். நெருஞ்சில் நீரைப் பிரிக்கும் என்று கேட்டிருக்கிறார். கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்து கசாயம் வைத்துக் கொடுக்கிறார். மறுநாள் மருமகள், "அத்தை, தலை விண்விண்ணென்று வலிக்கிறது, கண்ணும் மங்கலாகத் தெரிகிறது" என்கிறாள். "கசாயம் இன்னும் இரண்டு வேளை குடித்தால் சரியாகிவிடும், கண்ணு" என்கிறார் மாமியார். அந்த இரண்டு வேளையில் என்ன நடக்கக்கூடும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

கருவுற்ற கடைசி மாதங்களில் மாலைநேரத்தில் கால் சிறிது வீங்குவது பலருக்கு இயல்பு. ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்றில் வலி ஆகியவை இரத்த அழுத்த நோயின் அறிகுறிகள். 20 வாரங்களுக்குப் பின்னர் அழுத்தம் 140/90 என்னும் அளவையோ அதற்கு மேலோ தொட்டால் அது எச்சரிக்கை. கவனியாது விட்டால் வலிப்பு வரலாம். தாயும் சேயும் ஒருசேர இழக்கப்படலாம். நெருஞ்சில் சிறுபஞ்சமூலத்தின் ஐந்தில் ஒன்று. நம் புலவர் பாடிய வேர்தான். ஆயினும், அழுத்தமானியால் அளந்து பார்க்காமல் வீக்கத்துக்கு அதனைக் கொடுக்கலாகாது. அந்த மாமியார் அன்று செய்ய வேண்டியது ஒன்றே. அடுப்பை அணைத்துவிட்டு 108 எண்ணை அழைக்க வேண்டும். உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், நீர்க்குடம் உடைதல், கடுங்காய்ச்சல் ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

அடுத்தது இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். புலால் உண்ணாத நாம் இதில் கூடுதலாக விழித்திருக்க வேண்டும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடலில் ஏறுவது மெதுவாகத்தான். தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள் அதனையும் தடுத்துவிடும். துவர்ப்பு மிக்க மூலிகை நீரும் அவ்வாறே. அரசு மருத்துவமனையில் கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. 180 நாள் உண்ண வேண்டும். அதனைத் தேநீரோடு விழுங்குவது மாத்திரையை வீணாக்குவதாகும். தேநீருக்கும் அதற்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாற்றோடு உண்டால் இரும்பு நன்றாக ஏறும். பி12 என்னும் உயிர்ச்சத்து செடிகொடிகளிலிருந்து கிடைப்பதில்லை. பால், தயிர் போதிய அளவு இல்லையெனில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். காப்பி, தேநீர் ஆகியவற்றால் நாளொன்றுக்குச் சேரும் காஃபின் 200 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

கருவுற்ற மகளிர் மண்ணை விரும்பியுண்ணும் செய்தி, குறுங்கோழியூர் கிழார் பாடிய புறநானூற்றுப் பாடலிலேயே வருகிறது. இவ்வூர்க் கோயிலின் புற்றுமண்ணை அடியார்கள் மேனியில் பூசிக்கொள்வது அவர்தம் வழிபாடு, அது வேறு. கருவுற்ற பெண்ணுக்கு மண், சாம்பல், சாக்பீசு ஆகியவற்றைத் தின்னும் வேட்கை எழுந்தால், அது பெரும்பாலும் இரும்புக் குறைவோடு தொடர்புடையது. நகைத்தும் அதட்டியும் அதனை மறைக்கச் செய்யாமல், இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பேற்றுக்குப் பின் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சேர்த்துக் கிண்டும் பேறுகால மருந்து நம் வீடுகளின் மணம். நெல்லிக்காய் அளவு உண்டால் போதும். இளகங்களில் தேன் சேர்ப்பது வழக்கமாதலால், தேன் விலக்கியோர் வாங்குமுன் கேட்டறிய வேண்டும்; தேனுக்கு மாற்றாகப் பாலோ நெய்யோ வெந்நீரோ துணைமருந்தாகுமா என்பதைச் சித்த மருத்துவர் சொல்வார். நெல்லைச் சீமையில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்கி வருகிறது. ஐயம் தீர்க்கத் தகுந்த இடம் அருகிலேயே உள்ளது. தாய்ப்பால் பெருக வெந்தயமும் சோம்பும் கொடுப்பது வழக்கம். சமையலளவில் அவை நல்லவை. வெந்தயம் மிகுந்தால் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால் நீரிழிவு மருந்து உண்போர் கவனிக்க வேண்டும். எனினும் பால் சுரப்பதற்கு முதல் மருந்து, குழந்தையை அடிக்கடி மார்பில் சேர்ப்பதே.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் பழக்கம் இப்பகுதியில் உண்டு. சீனித் தண்ணீரையோ தேனையோ நாவில் தொட்டு வைப்பார்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். கசாயமும் தண்ணீரும்கூட வேண்டா. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து, ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரவல்லது. உயிர்களுக்கு ஊறு நேராமைப் பொருட்டு நம் முன்னோர் விலக்கிய தேன், குழந்தைக்கும் விலக்கத் தகுந்ததாக அமைந்திருக்கிறது.

மகளிர் நலம் மகப்பேற்றோடு முடிவதில்லை. மாதவிடாய் வலிக்குச் சுக்குநீர் உதவுவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகுந்த உதிரப்போக்குக்கு அசோகப்பட்டைக் குடிநீர் பழைய மருந்து. அருகப்பெருமான் வீற்றிருக்கும் பிண்டி மரமே அந்த அசோகு. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வரிசையாக நெட்டென நிற்கும் நெட்டிலிங்க மரத்தையும் மக்கள் அசோகு என்றே அழைக்கிறார்கள். அதன் பட்டை அசோகப்பட்டையோடு கலந்துவிடுவது மருந்தியலார் நன்கறிந்த கலப்படம். செம்மஞ்சள் நிறத்தில் கொத்தாகப் பூப்பது அசோகு. வெளிர்பச்சை நிறத்தில் பூப்பது நெட்டிலிங்கம். பெயர் ஒன்றாயிருப்பதால் மருந்து ஒன்றாகாது. மணிக்கொரு துணி நனையும் அளவுக்கு உதிரம் போனாலும், மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டு உதிரம் கண்டாலும், கசாயத்துக்கு முன் மருத்துவரைக் காண வேண்டும். கருப்பைப் புற்றைத் தொடக்கத்திலேயே காட்டித்தரும் அறிகுறியாக அது இருக்கலாம்.

இவ்வளவும் சொன்னது கசாயத்தின்மேல் அச்சம் ஊட்டுவதற்காக அன்று. உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்து ஒன்று. வீட்டிலிருக்கும் கருவுற்றவளுக்கு இளஞ்சூட்டில் ஒரு குவளை கொண்டுபோய்க் கொடுப்பதும் அத்தானமே. ஆனால் தத்துவார்த்த சூத்திரம், விழிப்பற்ற செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதை இம்சை என்று வரையறுக்கிறது. கொல்லும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை, கவனக்குறைவே போதும். அன்போடு கொடுத்த கசாயமாயினும், கேட்காமலும் அளக்காமலும் கொடுத்திருந்தால், அந்த வரையறைக்குள் அது வந்துவிடும். நீரை வடிகட்டிக் குடிக்கும் மரபில் வந்த நாம், அந்த வடிகட்டியின் விழிப்பை மருந்துக் குவளைக்கும் கொண்டுவர வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் நான்கு கேள்விகள் வழக்கமாகட்டும். இது என்ன மூலிகை? எவ்வளவு? எத்தனை நாள்? இவளுக்கு ஆகுமா? இந்நான்குக்கும் விடை தெரிந்தபின் அடுப்பு எரியட்டும். கொடுத்தது எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். கழுகுமலைப் பாறையில் பெயர் பெற்ற குரத்தியர் வழிவந்த மகளிர், தம் பெண்மக்களுக்குக் கசாயத்தோடு அதன் அளவையும் சேர்த்துக் கற்பிக்கட்டும்.

தாயும் சேயும் நலம் பெறுக. அறம் வளர்க.